ஒரு வீட்டில் இரண்டு தலைவலி

"உன் தலைவலி எனக்கும் ஒட்டிக்கிச்சு போலம்மா" என்று சொல்லிக்கொண்டேதான் அன்றைக்குச் சாயங்காலம் அவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். காலையிலிருந்து கத்தரிக்கு மருந்து அடித்துவிட்டு வந்திருந்தார். மனைவிக்குச் சிரிப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தலைவலியோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். வலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டில் அவருக்குத்தான் அத்துப்படி. ஜன்னலைச் சாத்தினார். விளக்கை அணைத்தார். ஈரத்துண்டை நெற்றியில் கட்டி, டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். "ஒரு மணி நேரம் அசையாம படுங்க, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் பக்கம் ஒரு சிற்றூர். முப்பது சென்ட்டில் மல்லி, அரை ஏக்கரில் கத்தரி, மழையை நம்பிக் கொஞ்சம் நிலக்கடலை. மல்லி மனைவியின் பொறுப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மொட்டு பறித்தால்தான் ஆறு மணிக்குள் டவுன் மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். பௌர்ணமி, தீபம், முகூர்த்த நாள் என்றால் பூவுக்கு விலை உண்டு. அந்த நாட்களில் ராத்திரித் தூக்கம் கிடையாது.

அந்த அம்மாவின் தலைவலி கல்யாணமாகி வந்த வருடம் ஆரம்பித்தது. அப்போது வயது பத்தொன்பது. வலது பக்க நெற்றிப்பொட்டில் முதலில் ஒரு கனம். அரை மணி நேரத்தில் அது 'விண் விண்' என்று நாடி அடிப்பதுபோல அடிக்கும். கூடவே குமட்டல், பிறகு வாந்தி. பக்கத்து நிலத்து டிராக்டர் சத்தம் மண்டைக்குள் ஓடுகிற மாதிரி இருக்கும். தான் வளர்த்த மல்லியின் வாசமே ஆகாது. குனிந்து ஒரு குடம் தூக்கினால் வலி இரண்டு பங்காகும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் இருட்டில் கிடந்தால் விடும். விட்ட மறுநாள் வெள்ளம் வடிந்த வயல்போல உடம்பு துவண்டிருக்கும்.

இதற்கு அந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மாமியார், "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்பார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு பூக் கட்ட உட்கார்ந்தால் சாயங்காலம் வலி வருவதை அவர் பல தடவை பார்த்திருக்கிறார். சுக்கை இழைத்துப் பத்து போடுவார். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்க வைப்பார். நாட்டு மருந்துக் கடையில் நீர்கோவை மாத்திரை வாங்கிவந்து உரைத்துப் பூசுவார். வேலூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார், "சைனஸ் அண்ணி" என்றார். கண்ணாடிக் கடையில் பவர் என்று சொல்லி ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அது ஊசியில் நூல் கோக்க உதவியது, வலிக்கு உதவவில்லை. மொட்டை வெயில் ஏற ஏற வலியும் ஏறியதைப் பார்த்து, சூரிய வலி என்று மந்திரித்த பெரியவரும் உண்டு. இவர்கள் சொன்னது எதுவும் முழுப் பொய் இல்லை. வெயிலோடு ஏறி இறங்கும் வலியைச் சூர்யாவர்த்தம் என்றும், பாதித் தலையைப் பிளக்கும் வலியை அர்த்தாவபேதகம் என்றும் பழைய ஆயுர்வேத நூல்கள் தனித்தனியாகவே பிரித்து வைத்திருக்கின்றன. ஆனால் பெயர் வைத்தவர்களில் ஒருவரும் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டதில்லை.

மருந்துக் கடையில் அதுவும் இல்லை. "தலைவலிக்கு ரெண்டு குடுங்கண்ணா" என்றால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். முதலில் மாதத்துக்கு நாலு மாத்திரை. பிறகு பத்து. கடைசி இரண்டு வருடமாக, மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வலி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே தினம் ஒன்று. வலி குறையவில்லை. நடுநடுவே வந்துகொண்டிருந்தது, தினமும் காலையில் கண் விழிக்கும்போதே மந்தமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இப்போது மறுபடி அந்தச் சாயங்காலத்துக்கு.

மாட்டைக் கட்டிவிட்டு அரை மணி கழித்து அந்த அம்மா உள்ளே வந்து பார்த்தார். கணவர் தூங்கவில்லை. செல்போன் டார்ச்சை அடித்தார். அடித்த பிறகுதான், ஐயோ, வலிக்கிறவர் முகத்தில் அடித்துவிட்டோமே என்று கையை இழுத்துக்கொண்டார். தனக்கென்றால் அந்த வெளிச்சம் ஊசி குத்தியதுபோல இருக்கும். இவரோ முகத்தைத் திருப்பவே இல்லை. "என்னம்மா, எல்லாம் மசமசன்னு தெரியுது" என்றார். பேச்சில் எச்சில் வழிந்தது. தலையணை நனைந்திருந்தது. துண்டின் ஈரம் என்று நினைத்துத் தொட்டால் வேர்வை. புழுக்கமே இல்லாத மார்கழி மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். அதைத்தான் தனக்கு வருவது மாதிரி என்று அந்த அம்மா நினைத்திருந்தார். டார்ச்சை மறுபடி கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தபோது, கண்ணின் பாப்பா கடுகு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. தொடைச் சதை தானாகத் துள்ளியது.

தனக்கு இத்தனை வருடத்தில் ஒருநாளும் இப்படி எச்சில் ஒழுகியதில்லையே என்று தோன்றிய அந்த நொடிதான் அவரைக் காப்பாற்றியது. 108-க்குப் போன் போட்டார். எதிர்முனையில் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "இன்னைக்கு மருந்து அடிச்சாராம்மா?" அடுத்து, "அந்த டப்பாவைக் கையோட எடுத்துட்டு வாங்க." வண்டி வருவதற்குள் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், சோப்பு போட்டு உடம்பைக் கழுவச் சொன்னார்கள். சட்டையைக் கழற்றும்போதுதான் விஷயம் தெரிந்தது. முதுகுப் பக்கம் முழுக்க மருந்து ஈரம். தெளிப்பானின் மூடியில் வாஷர் தேய்ந்து, குனியும்போதெல்லாம் டேங்க்கிலிருந்து கசிந்திருக்கிறது. காலை ஒன்பது மணி முதல் மூன்று மணி வரைக்கும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே அடித்திருக்கிறார். மூக்கில் துண்டு கட்டியிருந்தார்; ஆனால் இந்த வகை மருந்து மூக்கு வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, தோல் வழியாகவே இறங்கும்.

மஞ்சள் முக்கோணம் போட்ட ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்து அது. நரம்பு சதைக்குக் கொடுக்கும் உத்தரவை, வேலை முடிந்ததும் துடைத்துவிடுகிற ஒரு நொதி நம் உடம்பில் இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. புழுவுக்கும் அதேதான் நடக்கிறது, மனிதனுக்கும் அதேதான். உத்தரவு துடைக்கப்படாமல் நிற்பதால் வேர்வை, எச்சில், கண்ணீர் எல்லாம் கொட்டும், பாப்பா சுருங்கும், சதை துள்ளும், கடைசியில் மூச்சுக்குழாயில் சளி நிறைந்து மூச்சு நிற்கும். ஆரம்பம் என்னவோ தலைவலியும் குமட்டலும்தான். 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அட்ரோபின் ஊசியில் காப்பாற்றிவிடுகிறார்கள். இவரையும் அப்படித்தான் காப்பாற்றினார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரி.

மூன்றாவது நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்கு வர்ற மாதிரிதான் இருந்துச்சும்மா. அதான் மாத்திரை குடுத்து இருட்டுல படுக்க வெச்சிட்டேன். அரை மணி நேரம் போயிடுச்சு." குற்ற உணர்ச்சியில் சொன்னதுதான். டாக்டரம்மா அதை வேறு விதமாகக் கேட்டார். "உங்களுக்கு எப்படி வரும்? சொல்லுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் கேள்வி கேட்டார். வலி வரும்போது குமட்டுமா? வெளிச்சம் பிடிக்காதா? போன மூணு மாசத்துல வலியால ஒரு நாளாவது வேலைக்குப் போகாம இருந்தீங்களா? மூன்றுக்கும் ஆமாம். இந்த மூன்றில் இரண்டுக்கு ஆமாம் என்றாலே மைக்ரேன் என்று சந்தேகப்படலாம் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு சின்னச் சோதனை. பிறகு விவரமான கேள்விகள். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? இறுக்கிக் கட்டினதுபோலவா, நாடி அடிப்பதுபோலவா? நடந்தால், படியேறினால் அதிகமாகிறதா? மாத்திரை போடாமல் விட்டால் எத்தனை மணி நேரம் இருக்கும்? நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீடிப்பது மைக்ரேனின் கணக்கு. அதுவும் ஒரு தடவை வந்ததை வைத்துச் சொல்வதில்லை. அதே மாதிரி ஐந்து தடவையாவது வந்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஐந்நூறு தடவை வந்திருக்கும்.

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ மைக்ரேன் தெரியாது. கதை கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் கதை கேட்க நேரமில்லாத இடங்களில் அது சைனஸாகவும் பித்தமாகவும் பிரஷராகவும் மாறிவிடுகிறது. தனக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களே நம்பிக்கொண்டிருப்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு இருப்பது மைக்ரேன்தான். உண்மையான சைனஸ் வலி என்றால் காய்ச்சலும், மூக்கில் கெட்டியான மஞ்சள் சளியும் கூட இருக்கும். பிரஷரும் அப்படித்தான், மிக அதிகமாக ஏறினால் ஒழிய அது தலைவலியாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தலை வலிக்கவில்லை, அதனால் பிரஷர் இல்லை என்று மாத்திரையை நிறுத்திவிடும் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

நீர் கோத்த கதையைக் கேட்டு டாக்டரம்மா சிரிக்கவில்லை. தலைக்குக் குளித்தால் மைக்ரேன் வருவது நம் நாட்டுப் பெண்களிடம் நிஜமாகவே இருக்கிறது என்றார். மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் இப்படிப்பட்ட 94 பேரைக் கவனித்து 2006-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுப் புத்தகங்களின் பட்டியலில் இல்லாத காரணம் அது. ஆக மாமியாரின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மண்டைக்குள் தண்ணீர் இறங்குகிறது என்ற விளக்கம்தான் தப்பு.

மாதவிலக்குக்கு முந்தின நாளும் வலி வரும். அது பெண்களின் சுரப்பு சட்டென்று இறங்குவதால். ஆண்களைவிடப் பெண்களுக்கு மைக்ரேன் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்பதற்கும் அதுவே பெரிய காரணம். பௌர்ணமிக்கு மறுநாள் தவறாமல் வருகிறது என்று அந்த அம்மா சொன்னபோது, நிலாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா என்றும் கேட்டார். "நிலாவை விடுங்க. அன்னைக்கு என்ன பண்றீங்க, அதைச் சொல்லுங்க." ராத்திரியெல்லாம் பூ பறிப்பு, காலையில் மார்க்கெட், சாயங்காலம் விரதத்தோடு பதினாலு கிலோமீட்டர் கிரிவலம். தூக்கமும் இல்லை, சோறும் இல்லை, போதாக்குறைக்குத் தண்ணீரும் குறைவு. மைக்ரேன் மூளை மாற்றத்தைத் தாங்காத மூளை. தூக்கம் குறைந்தாலும் வரும், ஒருநாள் அதிகமாகத் தூங்கினாலும் வரும்.

அந்தத் தினசரி மாத்திரையைப் பற்றி டாக்டரம்மா சொன்னது அவருக்கு நம்பவே முடியாததாக இருந்தது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, இரண்டு மூன்று மருந்து கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாக எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். தினம் காலையில் வந்த மந்தமான வலி மைக்ரேன் இல்லை, மாத்திரையின் வலி. நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் இன்னும் மோசமாகும், பிறகு குறையும் என்றார். வராமல் தடுக்க வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆஸ்துமா உண்டா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். தடுப்பு மாத்திரைகளில் ஒன்று ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்கிப் போடுகிற காரியம் வேண்டாம்.

விவசாயிகளுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு சங்கதி இங்கே. மைக்ரேனுக்குப் பல காலம் பயன்பட்ட எர்கோட்டமின் என்ற மருந்து 1918-ல் பிரித்தெடுக்கப்பட்டது ஒரு பயிர் நோயிலிருந்துதான். ஐரோப்பாவில் ரை தானியக் கதிரில் வரும் எர்காட் பூஞ்சணம். நம் ஊர்க் கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் அதற்குப் பங்காளி. பங்காளிதானே தவிர, அதில் அந்த மருந்துச் சரக்கு இல்லை. தின்றால் வாந்தியும் மயக்கமும்தான். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் நோய்பிடித்தது மிதந்துவிடும்.

கணவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் டாக்டரம்மா சொன்னபடி சமையல்கட்டு மாதக் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தார்கள். வலி வந்த நாளில் பென்சில் கோடு. மாத்திரை போட்டால் கோட்டின் மேல் ஒரு புள்ளி. மருந்து அடித்த நாளுக்குச் சிவப்பு வட்டம். அப்போதுதான் கணவர் யோசித்துச் சொன்னார்: அந்த விபத்துக்கு முன்பும், மருந்து அடித்த ராத்திரிகளில் தலை கனத்திருக்கிறது, மறுநாள் மத்தியானம் விட்டிருக்கிறது. வெயில் என்று நினைத்து மோர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். பல வீடுகளில் இந்தத் தலைவலி இப்படியேதான் போகிறது. ஒரு வேலை செய்த நாளில் மட்டும் வந்து, வேலையை விட்ட நாளில் காணாமல் போகும் தலைவலிக்குக் காரணம் அந்த வேலையில்தான் இருக்கிறது. கதவு சாத்திய மோட்டார் கொட்டகையில் டீசல் இன்ஜின் ஓடும்போது வரும் தலைவலியும் அப்படிப்பட்டதே. அங்கே புகையோடு வாசமில்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, தாமதித்தால் அதுவும் உயிரை எடுக்கும்.

மற்றபடி ஊரில் அதிகம் பேருக்கு இருப்பது சாதாரண இறுக்கத் தலைவலி. தலையைச் சுற்றித் துண்டை முறுக்கிக் கட்டினதுபோல இரண்டு பக்கமும் அழுத்தும். வாந்தி கிடையாது, வேலை செய்துகொண்டே இருக்கலாம். இன்னொன்று அபூர்வம்: ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் உயிர் போகிற மாதிரி வலித்து, அந்தக் கண் சிவந்து நீர் வடிந்து, தினமும் கடிகாரம் வைத்ததுபோல ஒரே நேரத்துக்கு வரும், கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார். இவரால் உட்காரக்கூட முடியாது, வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டிருப்பார். ஆண்களுக்கு அதிகம் வருவது இது.

தாமதிக்கக் கூடாத தலைவலிகளை டாக்டரம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருந்தார். அந்த அம்மா அவற்றைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். இடி விழுந்தது மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி. காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியாத வலி. கை கால் மரத்து, வாய் குழறி வருவது. தலையில் அடிபட்ட பிறகு வருவது. கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வலிப்பது. கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் வருவது. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாகப் புதிதாக வருவது. மருந்து அடித்த நாளில் வேர்வை, எச்சிலோடு வருவது. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு இழுத்திருக்கிறது.

வெளிச்சத்துக்கு முகம் திருப்பாததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன் என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னபோது டாக்டரம்மா திருத்தினார்: "அதை மட்டும் நம்பாதீங்க. விஷத்துலயும் சிலருக்கு வெளிச்சம் கூசும். வேர்வை, எச்சில், சின்னப் பாப்பா, துள்ளுற சதை, அதைப் பாருங்க. எதுவுமே பார்க்கத் தெரியலைன்னாலும் மருந்து அடிச்ச நாள்னா வந்துடுங்க."

இன்றைக்கு அந்த வீட்டில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன, சில மாறவில்லை. தெளிப்பானுக்குப் புது வாஷர் போட்டாகிவிட்டது. வாடகைக்குத் தெளிப்பான் எடுத்தாலும் வெறும் தண்ணீர் ஊற்றி முதுகில் மாட்டிக் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்து ஊற்றுகிறார்கள். கத்தரிக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடிய குருத்தைக் கிள்ளி அழிக்கிறார்கள். மருந்து அடிப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடித்துவிட்டு வருபவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே வரவேண்டும் என்பது மனைவியின் சட்டம். அந்தச் சட்டையை மற்ற துணியோடு சேர்த்துத் துவைப்பதில்லை.

மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாள் அந்த அம்மாவுக்கு நரகமாக இருந்தது. பூவை மாமியார்தான் ஆள் வைத்துப் பறித்தார். தலைக்குக் குளிப்பதைப் பகலில் வைத்துக்கொண்டு, முடி முழுசாகக் காய்ந்த பிறகே கட்டுகிறார். கிரிவலத்தை விடவில்லை, ஆனால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, மடியில் வாழைப்பழமும் கையில் தண்ணீர் பாட்டிலுமாகப் போகிறார். "விரதம்னு சொல்லிட்டுப் பழம் தின்றியேடி" என்று மாமியார் கேட்காமல் இல்லை.

போன மாதக் காலண்டர் தாளில் சிவப்பு வட்டம் ஒன்று. அதன் பக்கத்தில் கோடு இல்லை. அந்த அம்மாவின் பென்சில் கோடுகள் நாலு, புள்ளிகள் மூன்று. பௌர்ணமிக்கு மறுநாள் கட்டம் காலியாக இருக்கிறது.